மூன்று கணினி, மூன்று விதச் செயலி: டிஸ்ட்சிசி வழியாகத் தொகுக்கும்போது -மார்ச் என்ன எழுதுவது?

நொய்யல்

வணக்கம். வீட்டில் மூன்று கணினிகள் இருக்கின்றன, மூன்றிலும் ஜென்டூ லினக்ஸ், அதாவது நிரல்களை மூலத்திலிருந்தே தொகுத்து நிறுவும் இயங்குதளம். நான் தினமும் பயன்படுத்துவது திங்க்பேட் எக்ஸ்220, அதில் ஐ5-2520எம் செயலி. மேசையில் ரைசன் 5 3600. மூன்றாவது, அப்பா கணக்கு எழுதும் பென்டியம் ஜி4400. மடிக்கணினியில் க்யூடி மாதிரி ஒரு பெரிய பேக்கேஜைத் தொகுக்க விட்டால் இரவெல்லாம் விசிறி ஓடுகிறது. பக்கத்திலேயே ரைசன் சும்மா இருக்கிறதே என்று, தொகுக்கும் வேலையை மற்ற கணினிகளுக்குப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்சிசி கருவியை நிறுவினேன்.

மூன்றிலும் ஒரே ஜிசிசி கம்பைலர் பதிப்பு. 3632 போர்ட் திறந்திருக்கிறது. தொகுப்பு அமைப்புகளை எழுதும் மேக்.கான்ஃப் கோப்பில் "-ஓ2 -பைப் -மார்ச்=நேட்டிவ்" என்று இருக்கிறது. -மார்ச் என்பது எந்தச் செயலிக்காகத் தொகுக்க வேண்டும் என்று கம்பைலருக்குச் சொல்வது. ஆனால் எந்தக் கோப்பு எங்கே போகிறது என்று காட்டும் டிஸ்ட்சிசிமான்-டெக்ஸ்ட் ஓட்டிப் பார்த்தால் ரைசனுக்கு ஒரு கோப்புகூடப் போகவில்லை. நேட்டிவ் என்பதை எடுத்துவிட வேண்டும் என்று எங்கோ படித்தேன். எடுத்தால் அந்த இடத்தில் யார் பெயரை எழுதுவது? தொகுக்கப்போவது ரைசன் என்பதால் அதன் பெயரா, மூன்றுக்கும் பொதுவான ஒன்றா?

தறியாளர்

ஃபயர்வாலில் தேட வேண்டாம், நொய்யல். கட்டளையில் -மார்ச்=நேட்டிவ் இருப்பதைக் கண்டால் டிஸ்ட்சிசி அந்தக் கோப்பை வெளியே அனுப்பாது. -எம்டியூன்=நேட்டிவ் இருந்தாலும் அதே கதைதான். டிஸ்ட்சிசி_வெர்போஸ்=1 என்று வைத்து ஒரே ஒரு கோப்பைத் தொகுத்துப் பாருங்கள், உள்ளூரிலேயே தொகுத்தாக வேண்டும் என்று காரணத்தோடு எழுதிக் காட்டும்.

அது பிடிவாதம் அல்ல, பாதுகாப்பு. நேட்டிவ் என்று ஒரு செயலி கிடையாது. கம்பைலர் தான் ஓடிக்கொண்டிருக்கும் செயலியிடம் சிபியுஐடி ஆணை மூலம் "உனக்கு என்னென்ன தெரியும்?" என்று கேட்டு, வருகிற பதிலை அந்த இடத்தில் போட்டுக்கொள்கிறது. உங்கள் மடிக்கணினியில் கேட்டால் சாண்டிபிரிட்ஜ் என்று வரும், ரைசனில் கேட்டால் இசட்என்வெர்2 என்று வரும். அதே சொல் கம்பி வழியே ரைசனுக்குப் போனால், ஏவிஎக்ஸ்2, எஃப்எம்ஏ, பிஎம்ஐ போன்ற புதிய செயலி ஆணைகளோடு ஆப்ஜெக்ட் கோப்பு (தொகுத்த இயந்திரக் குறி) திரும்பி வரும். 2011-ஆம் ஆண்டுச் செயலியான உங்கள் ஐ5-க்கு அவை தெரியாது.

நிலைமை அதைவிட மோசமாகவும் ஆகும். டிஸ்ட்சிசியின் வழக்கமான முறையில் முன்செயலாக்கம் மடிக்கணினியில் நடக்கிறது. #இஃப்டெஃப் வரிகள், தலைப்புக் கோப்புகள் எல்லாம் அங்கேயே விரிக்கப்பட்டு, விரிந்த மூலம்தான் உதவிக் கணினிக்குப் போகிறது. "ஏவிஎக்ஸ்2 உண்டா?" என்ற மேக்ரோவுக்கு மடிக்கணினி "இல்லை" என்று பதில் சொல்லியிருக்கும், அதற்குப் பிறகு இயந்திரக் குறியை எழுதுகிற ரைசன் "உண்டு" என்று நினைத்துக்கொண்டு எழுதும். ஒரே நிரலில் பாதிக் கோப்புகள் ஒரு கணக்கிலும் மீதி வேறு கணக்கிலும் தயாராகும்.

சி++ என்றால் இன்னொரு கண்ணி இருக்கிறது. டெம்ப்ளேட், இன்லைன் செயற்கூறுகளின் பிரதிகள் பல ஆப்ஜெக்ட் கோப்புகளில் இருக்கும், கோப்புகளை இணைத்து நிரலாக்கும் லிங்க்கர் அவற்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கி எறியும். அது வைத்துக்கொண்ட பிரதி ரைசன் கணக்கில் தயாரானது என்றால், ஒழுங்காகத் தொகுக்கப்பட்ட கோப்பிலிருந்து அழைத்தாலும் நிரல் செத்துவிடும். ஐகன் போன்ற கணித நூலகங்களில் ஏவிஎக்ஸ் இருக்கிறதா என்பதைப் பொறுத்து நினைவகச் சீரமைப்பே 16 பைட்டிலிருந்து 32 பைட்டாக மாறுகிறது. அப்படிப்பட்ட கோப்புகள் கலந்தால் ஏவிஎக்ஸ் தெரிந்த செயலியில்கூட நிரல் விழும்.

இனி உங்கள் கேள்வி. நிரல் எந்தக் கணினியில் ஓடப்போகிறதோ அதன் பெயரை எழுத வேண்டும். தையற்காரரின் உடம்பை அளந்து யாரும் சட்டை தைப்பதில்லை அல்லவா, அதைப் போலத்தான். கம்பைலருக்கு ஏவிஎக்ஸ் ஆணையை எழுதத் தெரிந்தால் போதும், அதை இயக்கிப் பார்க்கத் தேவையில்லை. ஆகவே திங்க்பேடின் மேக்.கான்ஃப் கோப்பில் -மார்ச்=சாண்டிபிரிட்ஜ், ரைசனில் -மார்ச்=இசட்என்வெர்2. உதவிக்கு நிற்கும் கணினி தன்னுடைய மேக்.கான்ஃப் கோப்பைத் திறந்துகூடப் பார்க்காது. ஒவ்வொரு கோப்போடும் என்ன கட்டளை வருகிறதோ அதன்படிதான் செய்யும்.

பாறைமேடு

தறியாளர் ஐயா சொல்வது சரி. ஆனால் வீட்டில் மூன்று கணினி வைத்திருப்பவர் மூன்று தனித்தனி அமைப்புகளை ஏன் சுமக்க வேண்டும்? எக்ஸ்86-64-வி2 என்று மூன்றிலும் எழுதிவிடலாமே. 2020-இல் ஏஎம்டி, இன்டெல், ரெட் ஹேட், சூசே ஆகியோர் சேர்ந்து வகுத்த படிநிலைகள் இவை, ஜிசிசி 11-லிருந்து இந்தப் பெயர்களை நேரடியாக எழுதலாம். வி2 என்றால் எஸ்எஸ்இ4.2, பாப்கவுண்ட் வரை. வி3-இல் ஏவிஎக்ஸ்2, எஃப்எம்ஏ, பிஎம்ஐ சேரும். வி4 ஏவிஎக்ஸ்-512. ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 9 வி2-ஐத்தான் அடிப்படையாக வைத்தது, 10-இல் வி3-க்குப் போனது. பெரிய நிறுவனங்களுக்குப் போதுமான வி2 நம் வீட்டுக்குப் போதாதா?

ஒருமுறை தொகுத்து பைனரி பேக்கேஜாக வைத்துக்கொண்டால் மூன்றிலும் அதையே நிறுவலாம். டிஸ்ட்சிசியே தேவைப்படாது.

தறியாளர்

பாறைமேடு சொல்லும் வழி நல்ல வழிதான், நான் மறுக்கவில்லை. ஒரே பைனரியை மூன்றிலும் நிறுவுவதாக இருந்தால் மூன்றில் இளைத்த செயலிக்கு ஏற்றபடிதான் தொகுக்க வேண்டும், அதற்கு வி2 பொருத்தம். ஆனால் அது வேறு வேலை. நொய்யல் கேட்பது ஒவ்வொரு கணினிக்கும் தனியாகத் தொகுப்பதைப் பற்றி, அங்கே ரைசனின் கையைக் கட்டிப்போட எந்தக் காரணமும் இல்லை.

எவ்வளவு வித்தியாசம் வரும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். உரைத் திருத்தி, ஷெல், கோப்பு மேலாளர் போன்றவற்றில் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. வீடியோ கருவியான எஃப்எஃப்எம்பெக் தன்னுடைய கனமான பகுதிகளை அசெம்பிளியில் எழுதி வைத்து, ஓடும்போது செயலியைக் கேட்டுத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறது. அடிப்படை சி நூலகமான ஜிலிப்சியில் நினைவகத்தை நகலெடுக்கும் மெம்காபியும் அப்படித்தான். -மார்ச்சால் உண்மையான பலன் கிடைப்பது பல எண்களை ஒரே ஆணையில் கையாளும்படி கம்பைலரே வெக்டர் ஆக்கக்கூடிய கணக்குச் சுற்றுகளில்தான். அதில் உங்களுக்கு வேலை இல்லை என்றால் பாறைமேடு சொல்வதைக் கேட்பதில் நஷ்டம் இல்லை.

நொய்யல்

மிக்க நன்றி ஐயா. மடிக்கணினியில் -மார்ச்=சாண்டிபிரிட்ஜ் என்று மாற்றியதும் ரைசனுக்குக் கோப்புகள் போக ஆரம்பித்துவிட்டன. கண்ணால் பார்க்கவே மகிழ்ச்சியாக இருந்தது.

ஆனால் அப்பாவின் கணினியில் சிக்கல். ஜி4400 ஸ்கைலேக் தலைமுறை என்பதால் -மார்ச்=ஸ்கைலேக் என்று எழுதி, ரைசன் உதவியோடு சில பேக்கேஜ்களைத் தொகுத்தேன். தொகுப்பதில் ஒரு பிழையும் இல்லை. ஓட்டினால் "இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்" என்று ஒரே வரி, நிரல் நின்றுவிடுகிறது. ஓடப்போகும் கணினியின் பெயரைத்தானே எழுதினேன்? ரைசன் தன் ஆணைகளை நுழைத்துவிட்டதா?

மின்மினி

ரைசன் மீது குற்றம் இல்லை தம்பி. அந்தக் கோப்பைப் பென்டியத்திலேயே தொகுத்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்.

முதலில் கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் பாருங்கள். "டிராப் இன்வேலிட் ஆப்கோட்" என்று நிரலின் பெயரோடு ஒரு வரி இருக்கும். பிறகு அந்த நிரலை ஜிடிபி பிழைதிருத்தியில் ஓட்டி, நின்ற இடத்தில் "எக்ஸ்/ஐ $பிசி" என்று கொடுங்கள். எந்த ஆணையில் நின்றதோ அதைக் காட்டும். அந்த ஆணையின் பெயர் ஆங்கில "வி" எழுத்தில் தொடங்கும் என்று எதிர்பார்க்கிறேன், வி-மூவ், வி-பிஎக்ஸ்ஓஆர் மாதிரி. அவை ஏவிஎக்ஸ் குடும்பம்.

காரணம் இதுதான். ஸ்கைலேக் என்பது ஒரு தலைமுறையின் பெயர். அந்தத் தலைமுறையில் வந்த கோர் ஐ3, ஐ5, ஐ7 எல்லாவற்றிலும் ஏவிஎக்ஸ்2 உண்டு. அதே தலைமுறையில் பென்டியம், செலரான் என்ற பெயரில் விற்றவற்றில் இன்டெல் ஏவிஎக்ஸை முடக்கிவிட்டது. ஏவிஎக்ஸ், ஏவிஎக்ஸ்2, எஃப்எம்ஏ, பிஎம்ஐ எதுவும் ஜி4400-இல் இல்லை. /ப்ராக்/சிபியுஇன்ஃபோ கோப்பில் ஃபிளாக்ஸ் வரியைப் பாருங்கள், ஏவிஎக்ஸ் என்ற சொல்லே இருக்காது. 2011-இல் வந்த உங்கள் மடிக்கணினிக்கு ஏவிஎக்ஸ் தெரியும், அதற்குப் பின்னால் வந்த பென்டியத்துக்குத் தெரியாது. பிறந்த வருடத்தை வைத்துச் செயலியை எடை போடக்கூடாது.

ஜிசிசிக்கு இது தெரியும். நேட்டிவ் என்று கொடுத்தால் "-மார்ச்=ஸ்கைலேக்" என்பதோடு "-எம்நோ-ஏவிஎக்ஸ் -எம்நோ-ஏவிஎக்ஸ்2 -எம்நோ-எஃப்எம்ஏ" என்று மறுப்புகளையும் வரிசையாகச் சேர்த்துக்கொள்கிறது. வெறும் ஸ்கைலேக் என்று எழுதும்போது அந்த மறுப்புகள் விட்டுப்போகின்றன. ஆகவே மூன்று கணினியிலும் அங்கங்கே உட்கார்ந்து "ஜிசிசி -மார்ச்=நேட்டிவ் -### -இ -எக்ஸ் சி /டெவ்/நல்" என்று ஓட்டி, நேட்டிவ் எப்படி விரிகிறது என்று பாருங்கள். மிக நீளமாக இருக்கும். ஜென்டூவில் ரிசால்வ்-மார்ச்-நேட்டிவ் என்று ஒரு சிறு கருவி இருக்கிறது, அது தேவையற்றதைக் கழித்துவிட்டுச் சுருக்கமாகத் தரும். அதில் வரும் "--பேரம் எல்2-கேஷ்-சைஸ்" போன்றவை கேஷ் அளவைச் சொல்பவை. இருந்தால் நல்லது, விட்டாலும் நிரல் விழாது.

பென்டியத்துக்கு இன்னும் எளிய வழி: -மார்ச்=எக்ஸ்86-64-வி2 -எம்டியூன்=ஸ்கைலேக். -மார்ச் எந்த ஆணைகளைப் பயன்படுத்தலாம் என்று அனுமதி கொடுக்கிறது. -எம்டியூன் அந்த ஆணைகளை எந்த வரிசையில் அடுக்கினால் குறிப்பிட்ட செயலிக்கு வேகம் என்று மட்டுமே பார்க்கிறது. எம்டியூன் தவறாக இருந்தால் கொஞ்சம் மெதுவாக ஓடும், அவ்வளவுதான். செத்துப்போவது -மார்ச் தவறினால்தான்.

செயலி எந்தப் படிநிலை என்று சந்தேகம் வந்தால் "/லிப்64/எல்டி-லினக்ஸ்-எக்ஸ்86-64.எஸ்ஓ.2 --ஹெல்ப்" என்று ஓட்டுங்கள். ஜிலிப்சி 2.33 முதல், கடைசிப் பகுதியில் வி2, வி3, வி4 எதை உங்கள் செயலி ஏற்கிறது என்று எழுதிக் காட்டுகிறது.

ஏற்கெனவே நிறுவியவற்றைத் திரும்பத் தொகுத்தாக வேண்டும். அந்தப் பட்டியலில் ஜிலிப்சியோ ஜிசிசியோ இருந்தால் இப்போது கணினியை அணைக்காதீர்கள், முதலில் எது எதைத் தொகுத்தீர்கள் என்று எமர்ஜ்.லாக் கோப்பில் பார்த்துச் சொல்லுங்கள்.

நொய்யல்

அக்கா, நீங்கள் சொன்னபடியே வி-யில் தொடங்கும் ஆணையில்தான் நின்றிருக்கிறது. ஃபிளாக்ஸ் வரியில் எஸ்எஸ்இ4_2 இருக்கிறது, ஏவிஎக்ஸ் இல்லை. நல்ல வேளையாக ஜிலிப்சி, ஜிசிசி இரண்டையும் தொடவில்லை. வி2 என்று மாற்றித் திரும்பத் தொகுக்கிறேன்.

மின்மினி

நல்லது. அடிப்படைக் கருவிகளே விழுந்திருந்தாலும் வழி இருந்தது. 2023 டிசம்பரிலிருந்து ஜென்டூ தானே பைனரி பேக்கேஜ்களைத் தருகிறது, வெளியிலிருந்து துவக்கி அவற்றை மேலே போட்டுக்கொள்ளலாம்.

சிபியு_ஃபிளாக்ஸ்_எக்ஸ்86 மாறியையும் பாருங்கள். அது -மார்ச்சோடு தொடர்பில்லாதது. அசெம்பிளி எழுதி வைத்திருக்கும் பேக்கேஜ்களில் எதை இயக்குவது என்பதை அதுதான் முடிவு செய்கிறது. ரைசனின் மேக்.கான்ஃப் கோப்பை நகலெடுத்துப் போட்டிருந்தால் அதிலும் ஏவிஎக்ஸ்2 ஒளிந்திருக்கும். சிபியுஐடி2சிபியுஃபிளாக்ஸ் கருவியை அந்தந்தக் கணினியில் ஓட்டி எழுதிக்கொள்ளுங்கள்.

எண்வெளி

நான் எண்கணிப்பு வேலை செய்பவன், ஒரு விஷயத்தைச் சேர்க்க அனுமதியுங்கள். நிரல் விழுந்தால் உடனே தெரிந்துவிடுகிறது. விழாமல் விடை மாறினால் தெரியாது. எஃப்எம்ஏ உள்ள செயலிக்குத் தொகுக்கும்போது ஜிசிசி, பெருக்கலையும் கூட்டலையும் ஒரே ஆணையாக இணைத்துவிடும், அது அதன் இயல்பான அமைப்பு. இரண்டு முறை முழுமையாக்குவதற்கு (ரவுண்டிங்) பதில் ஒரு முறைதான் முழுமையாக்கல் நடக்கும். கடைசி இலக்கங்கள் மாறும். துல்லியம் பெரும்பாலும் கூடவே செய்யும். ஆனால் திங்க்பேடில் வந்த விடையும் ரைசனில் வந்த விடையும் பிட்டுக்குப் பிட்டு ஒத்துப்போகாது.

ஒரே கணக்கைப் பல கணினிகளில் பிரித்து ஓட்டுபவர்கள், ஒவ்வொன்றிலும் நேட்டிவ் போட்டுத் தனித்தனியாகத் தொகுத்தால் இந்தக் குழப்பத்தில் மாட்டுவார்கள். எல்லாவற்றிலும் ஒரே -மார்ச் எழுத வேண்டும், இல்லையென்றால் -எஃப்எஃப்பி-கான்ட்ராக்ட்=ஆஃப் என்று சேர்த்து இணைப்பை நிறுத்த வேண்டும். அந்த இடத்தில் பாறைமேடு சொன்ன பொதுப் படிநிலைதான் எனக்குப் பிடித்தது. விடை ஒத்துப்போவது எனக்கு வேகத்தைவிட முக்கியம்.

கள்ளிப்பழம்

இழையைத் திசை திருப்புவதாக நினைக்க வேண்டாம். என்னிடம் ஆர்ம் செயலி உள்ள ராஸ்பெர்ரி பை 4 இருக்கிறது, மேசைக்கணினி இன்டெல். பை 4-க்காக மேசைக்கணினியைத் தொகுக்க வைக்க முடியுமா? செயலிக் குடும்பமே வேறு ஆயிற்றே.

தறியாளர்

முடியும். ஆனால் மேசைக்கணினியில் இருக்கும் சாதாரண ஜிசிசி ஆர்ம் குறியை எழுதாது, குறுக்குத் தொகுப்புக்கான கம்பைலர் தனியாக வேண்டும். ஜென்டூவில் கிராஸ்டெவ் கருவியைக் கொண்டு ஏஆர்ச்64-அன்நோன்-லினக்ஸ்-க்னூ என்ற இலக்குக்கு ஒன்று கட்டிக்கொள்ளுங்கள், பையில் இருக்கும் அதே ஜிசிசி பதிப்பில்.

சிக்கல் எங்கே வரும் என்றால் பெயரில். பை "ஜிசிசி" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் மேசைக்கணினி தன்னுடைய ஜிசிசியை எடுத்துக்கொண்டு எக்ஸ்86 குறியைத் தயாரித்துவிடும். பை அனுப்பும் கட்டளையில் கம்பைலரின் முழுப் பெயரும் இருக்க வேண்டும். புதிய டிஸ்ட்சிசி பதிப்புகள் இதைத் தாமாகவே மாற்றி எழுத முயல்கின்றன. பழையதில் ஒரு சிறு ஷெல் கோப்பை இடையில் வைத்து முழுப் பெயரைச் சேர்த்துவிடுவார்கள்.

பை 4-க்கு -எம்சிபியு=கார்டெக்ஸ்-ஏ72 எழுதுங்கள். ஆர்மில் -எம்சிபியு என்பது ஆணைத்தொகுதி, வரிசைப்படுத்தல் இரண்டையும் குறிக்கும். எக்ஸ்86-இல் அதே சொல் -எம்டியூனுக்கான வழக்கொழிந்த பெயர் மட்டுமே, அங்கே அதை எழுதினால் ஆணைத்தொகுதி மாறாது. நொய்யலின் பென்டியம் கதை இங்கேயும் உண்டு. கார்டெக்ஸ்-ஏ72 வடிவமைப்பில் கிரிப்டோ ஆணைகள் விருப்பத் தேர்வு, பை 4-இன் சிப்பில் அவை இல்லை. "+கிரிப்டோ" என்று எங்காவது பார்த்து எழுதிவிடாதீர்கள்.

நொய்யல்

பென்டியம் சரியாகிவிட்டது. வி2-வில் தொகுத்தவை எல்லாம் ஓடுகின்றன. இன்னும் இரண்டு சந்தேகங்கள். ஒரே நேரத்தில் எத்தனை வேலை ஓடலாம் என்று சொல்லும் மேக்ஆப்ட்ஸை மடிக்கணினியில் எவ்வளவு வைப்பது? சில பேக்கேஜ்களில் ரைசன் முழு வேகத்தில் ஓடுகிறது, சிலவற்றில் திரும்பவும் சும்மா இருக்கிறது. நேட்டிவ் எங்குமே இல்லை என்று பார்த்துவிட்டேன்.

தறியாளர்

ஜென்டூ ஆவணங்கள் சொல்லும் தொடக்கக் கணக்கு: உள்ளூரும் வெளியும் சேர்த்து எல்லாக் கோர்களின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கி ஒன்று சேர்த்தால் -ஜே (ஒரே நேர வேலைகள்), உள்ளூர்க் கோர்களின் எண்ணிக்கை -எல் (சுமை வரம்பு). ஆனால் உங்கள் வீட்டில் தடை மடிக்கணினிதான். முன்செயலாக்கம் முழுவதும் அதன் இரண்டு கோர்களில் நடக்கிறது, லிங்க் செய்வதும் அங்கேதான். -ஜே எண்ணைக் கூட்டிக்கொண்டே போனால் ரைசன் நிரம்பும் முன் எக்ஸ்220 திணறிவிடும். சிறிய எண்ணில் தொடங்கி, டிஸ்ட்சிசிமான் பார்த்துக்கொண்டே ஏற்றுங்கள். ஹோஸ்ட் பட்டியலில் ரைசனை முதலில் எழுதுங்கள், மடிக்கணினிக்கு உள்ளூர் வேலை குறைவாக ஒதுக்குங்கள். கம்பி இணைப்பு அவசியம். விரிந்த சி++ கோப்பு சில மெகாபைட் வரை போகும், வைஃபையில் அனுப்பினால் காத்திருந்தே பொழுது போகும். முன்செயலாக்கத்தையும் ரைசனுக்கே தள்ள வேண்டும் என்றால் பம்ப் முறை இருக்கிறது. ஆனால் தொகுக்கும்போதே தலைப்புக் கோப்புகளை உருவாக்கும் பேக்கேஜ்களில் அது தகராறு செய்யும், எல்லாவற்றுக்கும் பொதுவாக வைக்காதீர்கள்.

ரைசன் சும்மா இருப்பதற்குக் காரணங்கள் பல. ரஸ்ட் மொழிப் பகுதிகளை டிஸ்ட்சிசி தொடாது, ஃபயர்ஃபாக்ஸில் பெரும் நேரம் அங்கே போகும். கான்ஃபிகர் சோதனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஓடும். -எஃப்எல்டிஓ (லிங்க் நேர மேம்படுத்தல், சுருக்கமாக எல்டிஓ) வைத்திருந்தால், வெளியே போகும் கோப்பு இயந்திரக் குறியாகத் திரும்புவதில்லை, இடைநிலைக் குறியாகத் திரும்புகிறது. உண்மையான தொகுப்பு லிங்க் நேரத்தில் மடிக்கணினியில் நடக்கும். டிஸ்ட்சிசி, எல்டிஓ இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்பதே என் கருத்து.

இவை எதுவும் இல்லை என்றால் ஜிசிசி பதிப்பைத் திரும்பவும் பாருங்கள். உதவிக் கணினியில் தொகுப்பு தோற்றால் டிஸ்ட்சிசி சத்தமில்லாமல் உள்ளூரில் திரும்பச் செய்துகொள்ளும். பிழை கண்ணில் படாது, நேரம் மட்டும் போகும். டிஸ்ட்சிசி_ஸ்கிப்_லோக்கல்_ரீட்ரை=1 என்று வைத்து ஒருமுறை ஓட்டினால் எது தோற்கிறது என்று வெளியே வந்துவிடும்.

நொய்யல்

எல்டிஓ இருந்தது ஐயா, எடுத்துவிட்டேன். ரைசனில் வேலைகளை வாங்கிக்கொள்ளும் டிஸ்ட்சிசிடி இப்போது இப்படி ஓடுகிறது, சரிபார்த்துச் சொல்லுங்கள்:

டிஸ்ட்சிசிடி --டீமன் --அலவ் 0.0.0.0/0 --ஜாப்ஸ் 14

மின்மினி

தம்பி, அந்த --அலவ் வரியை இப்போதே மாற்றுங்கள். யார் வேண்டுமானாலும் வரலாம் என்று கதவைத் திறந்து வைத்திருக்கிறீர்கள். டிஸ்ட்சிசிடி தனக்கு வருகிற கட்டளையை நம்பி இயக்கும் நிரல். போர்ட்டை எட்ட முடிந்தவர் உங்கள் கணினியில் தன் விருப்பப்படி கட்டளை ஓட்டலாம் என்பது சிவிஇ-2004-2687 என்ற எண்ணில் பதிவான பழைய ஓட்டை. இன்றும் ஊடுருவல் பயிற்சிகளில் அதைத் தட்டிப் பார்ப்பார்கள். உங்கள் வீட்டு வலையமைப்பு 192.168.1 என்று தொடங்கினால் --அலவ் 192.168.1.0/24 என்று குறுக்குங்கள். அதற்குப் பிறகு ரவுட்டரில் 3632 வெளியே திறந்திருக்கிறதா என்று பாருங்கள், முதல் பதிவில் "போர்ட் திறந்திருக்கிறது" என்று எழுதியிருந்தீர்கள். ரவுட்டரில் திறந்திருந்தால் மூடிவிட்டு, ரைசனின் பதிவுக் கோப்பில் உங்கள் மற்ற இரண்டு கணினிகளைத் தவிர வேறு முகவரியிலிருந்து இணைப்பு வந்திருக்கிறதா என்று பார்த்து இங்கே எழுதுங்கள்.